லயத்து அடுப்பும் சலரோகச் சாப்பாடும்

பூண்டுலோயாவை அடுத்த தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி நமக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது நாற்பத்தாறு. கொழுந்து பறிப்பவர். கணவர், மாமியார், படிக்கும் பிள்ளைகள் மூவர் என வீட்டில் ஆறு பேர். அடுப்பு ஒன்று, பானை ஒன்று. இரண்டு வருடங்களுக்கு முன் தமக்குச் சலரோகம் இருப்பதாக வைத்தியர் கண்டு சொன்னாராம். மாதந்தோறும் கிளினிக்குக்குப் போய் மாத்திரை வாங்கி வருகிறார். இம்முறை இரத்தத்தில் சீனி முன்னிலும் ஏறியிருந்தபடியால், மாப்பொருளைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி, அச்சடித்த தாள் ஒன்றையும் அவர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தாளில் ஓட்ஸ் இருக்கிறது, அப்பிள் இருக்கிறது, பாதாம் பருப்பும் ஒலிவ் எண்ணெயும் இருக்கின்றன.

"தாளில் இருக்கிற சாமான் எங்கள் கடையில் இல்லை, கடையில் இருக்கிற சாமான் அந்தத் தாளில் இல்லை. நான் எதைத்தான் சமைப்பது?" என்று அவர் கேட்கிறார்.

கேள்வி நியாயமானதே. ஆனால் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைப் படித்தபோது நமக்குத் திடுக்கிட்டது. தாளைப் பார்த்து ஒன்றும் விளங்காத நிலையில், அவர் தாமாகவே ஒரு முடிவுக்கு வந்து, மறுநாள் காலையில் ரொட்டியை அடியோடு நிறுத்திவிட்டார். மாத்திரையை மட்டும் வழமைபோல் விழுங்கிவிட்டு மலைக்கு ஏறியிருக்கிறார். பத்து மணியளவில், பனி மூட்டமாய் இருந்த அந்தக் குளிரிலும் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, கண் மங்கி, கானுக்குள் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் தம் போத்தலில் இருந்த சீனித் தேத்தண்ணியைக் குடிக்கக் கொடுத்த பின்புதான் தெளிவு வந்ததாம். அன்று முதல் பயந்துபோய்ப் பழையபடி இரண்டு ரொட்டிக்கும் ஒரு தட்டுச் சோற்றுக்கும் திரும்பிவிட்டார்.

ஆகவே முதலில் இந்தப் பயத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் பிறகு சமையலுக்கு வருவோம். சலரோகத்துக்குத் தரப்படும் மாத்திரைகள் எல்லாம் ஒரே தன்மையுடையனவல்ல. மெட்போமின் என்னும் மாத்திரையைத் தனியே எடுப்பவருக்குச் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்குவது அரிது. கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் முதலியவை வேறு வகை. இவை கணையத்தை உந்தி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. வயிற்றில் உணவு இருக்கிறதா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. ஊசியாக ஏற்றும் இன்சுலினும் அப்படியே. இவற்றை எடுப்பவர் மாப்பொருளைச் சட்டென்று குறைத்தால், மருந்தின் அளவையும் வைத்தியர் கூடவே குறைத்தாக வேண்டும். இல்லையேல் இச்சகோதரிக்கு நேர்ந்ததுதான் நேரும். மலையுச்சியில் தனியே நிற்கும்போது நேர்ந்தால் அதன் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே அவருக்கு நாம் முதலில் சொல்வது இது: மாத்திரைப் பெட்டியைக் கையோடு கொண்டுபோய், "நான் சோற்றையும் ரொட்டியையும் பாதியாக்கப் போகிறேன், இந்த மருந்தின் அளவு சரிதானா?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். அவர் பதில் சொல்லும் வரை சாப்பாட்டில் கை வைக்க வேண்டாம். அதோடு, மூன்று தேக்கரண்டிச் சீனியைச் சிறு பொட்டலமாகக் கட்டி எப்போதும் மடியில் வைத்திருங்கள். வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, கண் மங்கல் ஆகியவை கண்டால் உடனே அதை வாயிலிட்டுத் தண்ணீர் குடியுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் அதே அளவு. சீனியைக் குறைக்கச் சொல்லும் கட்டுரையில் சீனிப் பொட்டலமா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

இனி அடுப்படிக்கு வருவோம். மாப்பொருள் என்பது என்ன? சோறு, ரொட்டி, பாண், கிழங்கு இவற்றின் பெரும்பகுதி மாப்பொருளே. குடலில் செரித்ததும் அது சீனியாகி இரத்தத்தில் சேர்கிறது. நாக்குக்கு இனிக்காத காரணத்தினால் சோற்றை ஒருவரும் சீனிக் கணக்கில் சேர்ப்பதில்லை. சலரோகம் உள்ளவரின் இரத்தமோ இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகிறது.

சகோதரி தாம் ஒரு நாளில் உண்பதை ஒளிக்காமல் எழுதியிருப்பது நமக்குப் பெரிய உதவி. அதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். விடியற்காலையில் இரண்டு கரண்டிச் சீனியுடன் சாயத் தண்ணீர். பிறகு கட்டைச் சம்பலோடு கனத்த கோதுமை ரொட்டி இரண்டு. ஒரு ரொட்டிக்கு 75 கிராம் மா என்று கொண்டால், இரண்டிலும் சேர்ந்து ஏறக்குறைய 110 கிராம் மாப்பொருள். பத்து மணிக்கு மறுபடி சீனித் தேநீர். பகலில் குவித்த சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி. இதில் 125 கிராம் தேறும். நாலு மணிக்குத் தேநீரும் பணிஸ் ஒன்றும். இரவில் மீண்டும் சோறு. எல்லாவற்றையும் கூட்டினால் 400 கிராமைத் தொடுகிறது. புரதம் என்று சொல்லத்தக்கது அந்தப் பருப்பும், எப்போதாவது கிடைக்கும் நெத்தலித் துண்டும்தான். வயிறு நிறைகிறது, ஆனால் மத்தியானத்துக்கு முன்னரே மறுபடி பசிக்கிறது என்று எழுதியிருக்கிறார். அது வியப்பன்று.

இதற்காக அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. கோதுமை இந்நாட்டில் விளைவதே இல்லை; அவ்வளவும் கப்பலில் வருவது. அப்படியிருக்க அது எப்படி மலையகத்தின் காலை உணவாயிற்று? தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாக வந்தவர்கள் கேழ்வரகும் கம்பும் தின்று வளர்ந்தவர்கள். இங்கே தோட்டம் அவர்களுக்கு அரிசியை அளந்து கொடுத்துக் கணக்கில் கழித்துக்கொண்டது. அந்த அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் வீழ்ந்தபோது அரிசிக் கப்பல் நின்றது, பங்கீடு வந்தது, அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா கூப்பனில் ஏறியது. யுத்தம் முடிந்தும் மா போகவில்லை. விடியுமுன் எழுந்து, பிள்ளைகளைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு, ஏழரை மணிக்கு மலையில் நிற்க வேண்டிய பெண்ணுக்கு ரொட்டியைவிடச் சௌகரியமான பண்டம் வேறெது? தட்டிச் சுட்டால் ஆயிற்று. துணியில் முடிந்துகொண்டும் போகலாம். 1973, 74ஆம் ஆண்டுகளில் அரிசி, மா, பாண் யாவும் தட்டுப்பாடாகி மலையகத் தோட்டங்கள் பட்டினி கண்டன. அந்த நாட்களைப் பார்த்த மூத்தவர்களுக்கு இரண்டு ரொட்டி என்பது வெறும் சாப்பாடு மட்டுமல்ல. 2022இல் டொலர் இல்லாமல் நாடு திண்டாடியபோது மாவின் விலை பன்மடங்கு ஏறியதையும் நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் வந்து "ரொட்டியை விடு" என்று ஒரு தாளை நீட்டுவது எளிது.

தலவாக்கலைப் பக்கத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருப்பது வாசகர் அறிந்ததே. 1925இல் தொடங்கிய நிலையம் அது. தேயிலைச் செடிக்கு என்ன உரம், எத்தனை தடவை, எவ்வளவு என்று அங்கே நுட்பமாக ஆராய்கிறார்கள். கொழுந்து பறிப்பவளின் தட்டில் என்ன இருக்கிறது என்று அளந்து பார்ப்பதில் அத்தனை அவசரம் யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. நிற்க.

மாப்பொருளைக் குறைத்தல் என்பது இன்று நேற்று வந்த நாகரிகம் அல்ல. 1797இல் ஜோன் றொலோ என்ற ஸ்கொத்லாந்து இராணுவ வைத்தியர், சலரோகம் கண்ட கப்டன் ஒருவருக்குத் தானிய உணவை நிறுத்தி இறைச்சியையும் கொழுப்பையும் கொடுத்து நோய் தணிந்ததை எழுதிவைத்தார். 1863இல் இலண்டனில் பிரேதப் பெட்டி செய்து அடக்க வேலைகளை நடத்தும் தொழிலில் இருந்த வில்லியம் பான்ரிங் என்பவர், பாண், சீனி, உருளைக்கிழங்கு, பியர் முதலியவற்றை விலக்கித் தம் பருத்த உடம்பு இளைத்த கதையைச் சிறு புத்தகமாக வெளியிட்டார். அது பெரும் பிரசித்தி பெற்று, அவர் பெயரே உடம்பு இளைக்கும் முறைக்குப் பெயராயிற்று. இன்சுலின் 1921இல் கனடாவிலுள்ள ரொறன்ரோவில் கண்டுபிடிக்கப்பட்டு, 1922 ஜனவரியில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு ஏற்றப்படும் வரை, சலரோகத்துக்கு உணவைக் குறைப்பதையன்றி வேறு வழி வைத்தியர்களுக்கு இருக்கவில்லை. இன்சுலின் வந்த பின் இந்த முறை பின்னுக்குப் போயிற்று. இப்போது மறுபடியும் முன்னுக்கு வந்திருக்கிறது. 2019இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வெளியிட்ட அறிக்கை, இரத்தச் சீனியைக் கட்டுப்படுத்துவதில் மாப்பொருளைக் குறைப்பதற்குத்தான் மற்ற உணவு முறைகளைக் காட்டிலும் அதிகச் சான்று இருப்பதாகச் சொல்லிற்று.

ஆயினும் எவ்வளவு குறைப்பது என்பதில்தான் மூளை வேண்டும். நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் கீழே போனால் அதைக் குறைந்த மாப்பொருள் உணவு என்று வைத்திய நூல்கள் பொதுவாக வகுக்கின்றன. 50 கிராமுக்கும் கீழே போகிறவர்களும் உளர். அவர்கள் பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள், கைக்கு எட்டும் தூரத்தில் இறைச்சியும் பாலாடைக்கட்டியும் உள்ளவர்கள். நம் மக்களுக்கு இன்னும் நெருங்கிய ஆராய்ச்சி ஒன்று சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் செய்தது. இந்தியா முழுவதிலும் 18,000 பேருக்கு மேற்பட்டவர்களின் உணவை ஆராய்ந்து 2022இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: புதிதாகச் சலரோகம் கண்டவர்கள், உணவுச் சக்தியில் மாப்பொருளின் பங்கை நூற்றுக்கு 50 அளவுக்கு இறக்கி, புரதத்தை 20 அளவுக்கு ஏற்றினால், நோய் அடங்கும் வாய்ப்பு உண்டு. நூற்றுக்கு 65, 70 என்று சோற்றிலேயே சக்தி பெறும் வீடுகளுக்கு இதுவே பெரிய இறக்கம்.

நம் அபிப்பிராயமும் இதை ஒட்டியதே. பதினெட்டு, இருபது கிலோ கொழுந்தை முதுகில் சுமந்து மேடும் பள்ளமும் ஏறி இறங்குபவர் ஒரே நாளில் 130 கிராமுக்கு இறங்க வேண்டியதில்லை. இருக்கும் 400 கிராமைப் பாதியாக்கினால் போதும். அதையும் மூன்று, நான்கு வாரங்களில் படிப்படியாகச் செய்யட்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், பிள்ளைகள், சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை என்பதையும் அழுத்திச் சொல்லிவிடுகிறோம்.

பாதியாக்கிய நாள் எப்படியிருக்கும்?

காலையில் ரொட்டி ஒன்றே. அதற்கு 60 கிராம் மா. கை நிறையத் தேங்காய்ப் பூ. பொடியாக அரிந்த லீக்ஸ் தாளோ முளைக்கீரையோ ஒரு பிடி. பச்சை மிளகாய், வெங்காயம். மா குறைந்தும் ரொட்டியின் பருமன் குறையாது என்பதே இதிலுள்ள சூட்சுமம். கூடவே முட்டை ஒன்று. முட்டையில் 6 கிராம் புரதம் உண்டு, மாப்பொருள் இல்லையென்றே சொல்லலாம். இந்த வேளையில் 45 கிராம் மாப்பொருள். பத்து மணிக்கு, முதல்நாள் இரவே ஊறவைத்து அவித்த கடலை ஒரு கை, 13 கிராம். இதைத் தாளித்து ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு மலைக்குப் போகலாம். பணிசுக்கு வீசும் காசில் பாதிகூட ஆகாது.

பகலில் தேநீர்க் கோப்பையால் மட்டமாக ஒரு கோப்பைச் சோறு. அளந்தே போட வேண்டும். கண் அளவு எப்போதும் தாராளமானது. இதில் 42 கிராம். பருப்பு அரைக் கோப்பை, கெட்டியாக, 18 கிராம். பருப்பிலும் மாப்பொருள் உண்டுதான். ஆயினும் புரதமும் நாரும் சேர்ந்திருப்பதால் அது மெதுவாகச் செரிக்கிறது. தட்டில் பாதி இடத்தைக் கோவாச் சுண்டலோ, போஞ்சியோ, நோக்கோலோ, வல்லாரைச் சம்பலோ பிடித்துக்கொள்ளட்டும். ஒரு பிடி நெத்தலிக் கருவாடு. நாலு மணிக்குப் பணிசை விட்டுவிட்டு வறுத்த கச்சான் ஒரு கை. இரவில் இன்னொரு கோப்பைச் சோறு, காய்கறி, சோயா மீற் அல்லது மீன். எல்லாம் சேர்த்து 190 கிராம் வரும். முன்னிருந்ததில் பாதிக்கும் சற்றுக் குறைவு.

வீட்டிலேயே இருக்கும் மாமியாருக்கும் சலரோகம் இருக்கக்கூடும் என்று சகோதரி சந்தேகிக்கிறார். முதலில் இரத்தப் பரிசோதனை செய்யட்டும். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்து, மறுபடி பார்த்தும் அப்படியே இருந்தால் நோய் உறுதி. உறுதியானால், இதே பானையிலிருந்து இரவுச் சோற்றை நிறுத்திக் காலை ரொட்டியைப் பாதியாக்கினால் அவர் கணக்கு 125 கிராமுக்கு வந்துவிடும். வைத்தியரின் சம்மதம் அவருக்கும் வேண்டும்.

ஒரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 200 கிராம் மாப்பொருளைக் குறைத்தால் 800 கலோரி சக்தி குறைகிறது. அந்த இடத்தை வெறுமையாக விட்டால் மூன்றாம் நாள் தலை சுற்றும், நான்காம் நாள் பழைய சோற்றுப் பானையைத் தேடிப் போவோம். தேங்காய்ப் பூ, கச்சான், முட்டை என்று நாம் அடுக்கியது ருசிக்காக மட்டும் அல்ல. 50 கிராம் கச்சானில் 280 கலோரிக்கு மேல் இருக்கிறது. தேங்காயைக் கண்டு பயப்படும் காலம் ஒன்று இருந்தது. மாவைக் குறைத்தவர் அளவோடு தேங்காய் சேர்ப்பதில் தவறில்லை என்பது நம் கருத்து. இரத்தக் கொழுப்பு மிகுந்தவர்கள் தங்கள் வைத்தியரைக் கேட்டுக்கொள்க.

இப்போது சாயத் தண்ணீர். உலகத்துக்கே தேயிலை கொடுப்பவர்கள், தமக்குக் கிடைக்கும் தூளைச் சீனி போட்டுத்தான் குடிக்கிறார்கள். நாளொன்றுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் 50 கிராம் சீனி வயிற்றுக்குள் போகிறது. சகோதரியின் கணக்கில் மிகச் சுலபமாக வெட்டக்கூடியது இதுவே. ஒரே நாளில் நிறுத்தினால் நாக்கு கலகம் செய்யும். முதல் வாரம் ஒன்றரைக் கரண்டி, அடுத்த வாரம் ஒன்று, பிறகு அரை என்று இறங்கி வந்தால் ஒரு மாதத்தில் இனிப்பில்லாத தேநீரே பழகிவிடும். இஞ்சி ஒரு துண்டு தட்டிப் போட்டால் பழக்கம் இன்னும் எளிது. சீனியைக் கலக்காமல் உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடித்தால் குறைவாகச் செல்லும் என்று நினைப்பவர்கள், அந்த உள்ளங்கையை ஒரு தடவை கரண்டியால் அளந்து பார்க்கட்டும்.

தேநீரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாப்பிட்டவுடன் சாயம் குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதை அது தடுக்கிறது. தோட்டத்துப் பெண்களில் இரத்தச் சோகை உள்ளவர்கள் ஏராளம். ஆகையால் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். கீரையில் தேசிக்காய் பிழிந்துகொண்டால் இரும்பு நன்றாகச் சேரும்.

பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. குரக்கன் மா நல்லதுதான். சுண்ணாம்புச் சத்தில் அதற்கு நிகர் இல்லை, நாரும் உண்டு. ஆனால் 100 கிராம் குரக்கனிலும் 70 கிராமுக்கு மேல் மாப்பொருள் இருக்கிறது. "குரக்கன் தானே" என்று நாலு ரொட்டி தின்றால் கோதுமையைக் குறைத்த பயன் எங்கே? சிவப்பரிசியும் அவ்விதமே. கித்துள் கருப்பட்டியும் தேனும் வேறு சட்டை போட்ட சீனி. மரவள்ளி, வற்றாளை, உருளைக்கிழங்கு ஆகியவற்றைக் கறியாகக் கருதாமல் சோற்றின் பங்காகவே எண்ண வேண்டும். கிழங்கு சமைத்த நாளில் சோறு அரைக் கோப்பை. ஒரு றாத்தல் பாணில் கால் பங்கு தின்றால் 55 கிராம் மாப்பொருள் ஆகிவிடுகிறது.

காய்கறிக்குப் பூண்டுலோயாவில் பஞ்சமா? நுவரெலியா மாவட்டத்தின் கோவாவும் கரட்டும் லீக்ஸும் லொறி லொறியாகக் கொழும்புக்குப் போகின்றன. லயத்துக்குப் பின்னால் நான்கு முழ நிலம் உள்ளவர்கள் வல்லாரையும் முளைக்கீரையும் போஞ்சிக் கொடியும் போட்டுக்கொள்ளலாம். சௌசௌக் கொடி ஒன்று வேலியில் ஏறிவிட்டால் அயல் வீட்டுக்கும் காய் தரும். இரண்டு கோழி வளர்ப்பது முட்டைச் செலவைப் பாதியாக்கும். கரட்டும் பீற்றூட்டும் சற்று இனிப்பானவை; அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, அளவாகச் சேர்க்கலாம். பழத்தில் கொய்யா உத்தமம்; வாழைப்பழம் வேண்டுமானால் சிறியதாக ஒன்று.

கருவாட்டிலுள்ள உப்பு இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. சலரோகமும் இரத்த அழுத்தமும் பெரும்பாலும் கைகோத்தே வருபவை. சமைக்கும் முன் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, மறுபடி அலசிக்கொண்டால் உப்பில் ஒரு பகுதி போய்விடும். குழம்புக்குத் தனியே உப்புப் போட வேண்டாம்.

இதுவரை சொன்னது எல்லாம் கிராமும் கரண்டியும். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் சகோதரி ஒரு வரி எழுதியிருக்கிறார்; அதைக் கணக்கில் சேர்க்காமல் இந்தத் திட்டம் நடவாது. வீட்டில் முட்டை வாங்கும் நாளில் அது பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் போய்விடுமாம். கருவாட்டுத் துண்டும் அப்படியே. எல்லோரும் எழுந்த பின் அவர் தட்டில் சோறும் குழம்பும் மிஞ்சும். அதாவது, மாப்பொருள் முழுவதும் அவருக்கு, புரதம் முழுவதும் மற்றவர்களுக்கு. நோய் இருப்பவர் அவர்தாம். அந்த வீட்டில் பேர் போட்டு உழைப்பவரும் அவர்தாம். இந்தக் கட்டுரையை அவர் தம் கணவரிடம் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது நம் வேண்டுகோள். ஐயா, உங்கள் மனைவியின் முட்டை அவருக்கு மருந்து. கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை நீங்கள் எடுத்து விழுங்குவீர்களா? சமைத்து இறக்கியதும் அவருடைய பங்கு ஒரு கிண்ணத்தில் முதலில் எடுத்து மூடி வைக்கப்படட்டும். மூடி வைக்கும் வேலையை மாமியார் அம்மா ஏற்றுக்கொண்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பிள்ளைகளுக்குத் தனிச் சமையல் வேண்டாம். அதே பருப்பு, அதே கீரை, அதே கருவாடு. அவர்கள் தட்டில் சோறு மட்டும் தாராளம். வளரும் வயதில் அவர்களுக்குச் சோற்றைக் குறைக்கக்கூடாது. முட்டை எல்லோருக்கும் எட்டாத வாரத்தில், பருப்பைக் கூட்டிக் கடலையையும் சோயாவையும் சேர்த்துச் சரிக்கட்டலாம். நெத்தலியைக் கிலோக் கணக்கில் வாங்க வேண்டியதில்லை. 100 கிராம் வாங்கி வறுத்துப் போத்தலில் அடைத்தால், பிடி பிடியாக எடுத்து மூன்று, நான்கு நாள் ஒருவருக்குப் போதும்.

கடிதத்தின் ஓரத்தில், இடமில்லாமல் குறுக்காக, இன்னொரு கேள்வி: "தீபாவளிக்குப் பலகாரம் சுட்டால் நான் ஒன்றுமே வாயில் வைக்கக்கூடாதா?" வைக்கலாம். வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பாட்டோடு சேர்த்து வையுங்கள். இரண்டு முறுக்கு அல்லது ஒரு அதிரசம். அன்று பகல் சோற்றில் அரைக் கோப்பையைக் குறைத்துவிடுங்கள். ஆட்டிறைச்சிக் கறி வைத்திருந்தால் இரண்டு துண்டு கூடவே சாப்பிடலாம், அதில் மாப்பொருள் இல்லை. உருளைக்கிழங்கை மட்டும் பிள்ளைகளுக்குத் தள்ளிவிடுங்கள்.